ஆறா, ஏழா

எழுபது வினாடிக்கு ஒரு கார் வரும்.
நீலச் சின்னத்தை எடு, முதுகுத் தாளை உரி,
மூக்கில் வை, உள்ளங்கையால் ஓர் அழுத்து.
ஒரு பெரிய மீன், ஐந்து சின்ன மீன்கள்.
அடுத்த மூக்கு.

குன்மா ஆலையில் பதினோரு வருடம்.
எத்தனை வானம் ஒட்டினேன் என்று
கணக்கு வைத்ததில்லை.
இரவுப் பணிக்காரிக்கு
தகரக் கூரைதான் ஆகாயம்.

நெயுசா கனாஷிரோ புதிதாய் வந்தவள்.
பிறந்தது பிரேசிலில், லோன்ட்ரினாவில்;
இப்போது ஓய்சுமியில் வாடகை வீடு.
முகப்பு விளக்கை எரித்து அணைத்துப் பார்ப்பது அவள் வேலை.
ஒரு நாள் என் கையிலிருந்த சின்னத்தை எட்டிப் பார்த்தாள்.
"கார்த்திகைக் கூட்டம்தானே, சாயோ?
எங்கள் ஊரில் அதற்குப் பேரே ஏழு மீன்.
மிச்சம் ஒன்றை யார் எடுத்துக்கொண்டது?"

சோற்று இடைவேளையில் சொன்னேன்,
சேர்ந்த அன்று எனக்குச் சொன்னதை, என் வாயால்:
போருக்கு விமானம் செய்த கம்பெனி இது.
தோற்றதும் துண்டு துண்டாக வெட்டினார்கள்.
இனி இறக்கை செய்யாதே என்றார்கள்.
பழகிய கை சும்மா கிடக்குமா?
குண்டுவீச்சு விமானத்தின் வால்சக்கரம் மிஞ்சிக் கிடந்தது,
அதைக் கோத்து ஒரு ஸ்கூட்டர்.
முயல் என்று பேர் வைத்தார்கள்.
குண்டு போட்ட சக்கரம் காய்கறி வாங்கப் போனது.

பிறகு ஐந்து துண்டுகள் கூடி
ஆறாவதாய் ஒன்றானது.
சுபாரு என்றால் கூடியது, அவ்வளவுதான்.
ஏழாவதுக்கு ஆளில்லை.

"அப்புறம்?"
அப்புறம் பொறிவண்டு மாதிரி ஒரு குட்டிக் கார்,
பதினாறு குதிரைத் திறன்.
நாலு பேரைச் சுமந்து அகாகி மலையேற வேண்டும் என்று
அதற்குப் பரீட்சை வைத்தார்களாம்.
"ஏறியதா?"
மூச்சு வாங்கி ஏறியது.

நெயுசா எழுந்தாள். "வா, எண்ணிப் பார்ப்போம்."

அவளுடையது நாலாம் கை லெகசி.
எண்ணெய் கசியும், கதவு ஒன்று திறக்காது.
படுத்தபடி இரண்டு பேர் குத்துச்சண்டை போடுவது போல இஞ்சின்,
ஒரு குத்தும் யார் மேலும் விழாது.
தொரொ தொரொ என்று
தாளம் தவறிய நெஞ்சாய் அடிக்கும்.
புது மாடலில் அந்தக் குறையைச் சரி செய்துவிட்டார்கள்,
அதற்காகவே பழசை வாங்கினேன் என்றாள்.

சனிக்கிழமை ராத்திரி. தை மாதக் குளிர்.
மலையிலிருந்து இறங்கும் வறட்டுக் காற்று
ஊரையே உலுக்கியது.
ஐந்தாம் வளைவில் ஒரு வெள்ளை வேன்
பின்சக்கரம் இரண்டும் சுழன்று சுழன்று
இருந்த இடத்திலேயே அழுதது.
நாங்கள் பூனை போல் அதைக் கடந்தோம்,
ஒவ்வொரு காலாய் ஊன்றி, ஒரு காலை மற்றது நம்பி.
திரும்பி வந்து கயிறு கட்டி இழுத்தோம்.
வேன்காரர் மொத்தேகி, மீன் பிடிக்க வந்தவர்,
நெயுசாவுக்குச் சூடான காப்பி டின் கொடுத்தார்,
எனக்குக் குனிந்து வணக்கம் மட்டும்.

மேலே ஏரி இறுகிக் கிடந்தது.
பகலில் தூண்டில் போடத் துளைத்த ஓட்டைகள்
மறுபடி மூடிக்கொண்டிருந்தன.
கீழே மீன், மேலே மீன்,
நடுவில் பல் கிட்டிய இரண்டு பெண்கள்.

நான் எண்ணினேன், ஐந்து.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினேன், ஐந்து.
நெயுசா கையுறை விரலால் ஒவ்வொன்றாய்த் தொட்டு
ஏழு என்றாள். சத்தியம் செய்தாள்.
தலையைத் திருப்பாதே, மூச்சை விடாதே என்றாள்.
ஐந்துதான்.

"ஐந்தும் ஏழும் பன்னிரண்டு" என்றேன்.
"ரெண்டாலே வகு."
அவள் சிரித்த சிரிப்பு
ஏரியில் வழுக்கி அக்கரை போய் விழுந்தது.

கிளம்பும்போது பார்த்தேன்,
கார் நின்ற இடத்தில், வெண்பனி மேல்
எண்ணெய்ச் சொட்டுகள்.
குனிந்து எண்ணினேன்.
அவளிடம் சொல்லவில்லை.